அழகம்மா ஊற்றிய தண்ணீர்

மடியில் கிடக்கும் பிள்ளை ஞானஸ்நானம் இல்லாமல் போய்விடக்கூடாது. பிரிஜெட்டுக்கு வேறு நினைப்பே இல்லை. காய்ச்சலில் அது பால் குடிப்பதையும் நிறுத்திவிட்டது. ஜப்பான்காரன் ஆட்சியில் செமிலிங் பக்கத்து ரப்பர் தோட்டத்துக்கு மருந்தும் வரவில்லை, சாமியாரும் வரவில்லை. பிள்ளை பிறக்குமுன்பே புருஷன் ஏசுதாசனைச் சயாம் ரயில் பாதை போட லாரியில் ஏற்றிவிட்டார்கள். ஞாயிறு ஜெபம் நடத்திய இன்னாசி உபதேசியாரையும் அடுத்த லாரி கொண்டுபோனது. போனவர்கள் யாரும் இன்னும் திரும்பவில்லை.

போவதற்கு முந்தின ஞாயிறு அவர் சொல்லியிருந்தார்: "உயிருக்கு ஆபத்துன்னா யாரும் ஞானஸ்நானம் கொடுக்கலாம். தண்ணியும் வார்த்தையும்தான் முக்கியம், கை யாருதுன்னு இல்ல. திருச்சபைப் பிதாக்கள் காலத்துலயே இதுக்குப் பெரிய தர்க்கம் நடந்திருக்கு."

"பிதாக்கள்னா நம்ம சாமியாருங்களாண்ணே?" என்று பிரிஜெட் கேட்டாள்.

"இல்லம்மா. எல்லாச் சாமியாரையும் அப்படிச் சொல்றதில்ல. அப்போஸ்தலருங்களுக்குப் பின்னால, ஆதி நூற்றாண்டுகள்ல வேதத்தைப் பிசகாம விளக்கினவங்க, சுத்தமா வாழ்ந்தவங்க. அவங்களுக்கு மட்டும்தான் அந்தப் பேரு."

"அவங்கல்லாம் செத்து எம்புட்டுக் காலமாச்சு! பேச்சு இன்னும் செல்லுமா?"

"அதுலதானே நாம நிக்கிறோம்."

இப்போது பால் டின்னில் தண்ணீர் மொண்டவள் கை அந்தரத்தில் நின்றது. பெற்றவளே ஊற்றினால் பிள்ளைக்கு ஞானத்தாயாகிவிடுவாள், அதனால் புருஷனுக்கு ஞான உறவாகிவிடுவாள், பிறகு அவனோடு வாழ முறையில்லை என்று அவள் வீட்டில் சொல்வார்கள். வேறு ஆளில்லாதபோது அது தடையில்லை என்று சொல்லித்தர உபதேசியார் இல்லை.

"அழகம்மாக்கா! ஓடி வாங்க!"

அடுத்த வீட்டு அழகம்மா மரவள்ளி தோண்டிய மண்கையோடு வந்தாள். விஷயம் கேட்டதும் பின்வாங்கினாள்.

"அடியே, நான் முனியாண்டிக்குக் கோழி அறுக்கிறவ. என் கையாலயா?"

"கை யாருதுன்னு பாக்கறதில்லயாம். ஊத்துங்க லா."

"நீ ஊத்தினா என்னடி?"

"நான் ஊத்திட்டா, அவர் வந்து யாரோட இருப்பாரு?"

அழகம்மா கையைக் கழுவிக்கொண்டு, பிரிஜெட் சொல்லச்சொல்லத் திருப்பிச் சொன்னாள்.

"அந்தோணி, நான் உனக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறேன்... பிதா, சுதன்... என்னடி இது, பல்லை உடைக்குது!"

"இஸ்பிரீத்துசாந்து. பரிசுத்த ஆவிதான். தண்ணி விழும்போதே சொல்லணும்க்கா. மறுபடியும், முதல்லேர்ந்து."

இம்முறை அவள் தடுமாறவில்லை. நெற்றியில் தண்ணீர் பட்டதும் பிள்ளை ஒருமுறை உதட்டைச் சுழித்தது. வெயில் சாய்வதற்குள் அதன் மூச்சு அடங்கிவிட்டது.

"என் கை பட்டுத்தானோடி..."

"இல்லக்கா. நீங்க நல்லதுதான் செஞ்சீங்க."

"ஏசுதாசன் வந்தா என்னன்னு சொல்லுவேன்?"

"நீங்க ஏன் சொல்லணும்? நான் சொல்லிக்கிறேன். அவர் வரட்டும்."

அதுவரை அழாதவள், அந்த 'வரட்டும்' வாயைவிட்டு வந்தபிறகுதான் அழுதாள்.