மாலை போட்ட போட்டோ

சினிமாவில் பிணமாக நடித்தவர் ஷாட் முடிந்ததும் எழுந்து, கேமராவைப் பார்த்து ஒருமுறை சிரித்துவிட வேண்டும். அந்தச் சிரிப்பையும் எடுப்பார்கள். படத்தில் வராது. தோஷம் கழிவதற்காக மட்டும்.

என் பேரைச் சொல்லும்படி வந்த ஒரே படத்தில் நான் கிணற்றிலிருந்து தூக்கிப் போட்ட பிணம். எழுந்தபோது உதவி இயக்குநர், "நல்லா சிரிங்கம்மா, பல்லு தெரியணும்" என்றார். ஈரப் புடவையோடு சிரித்தேன். அதன் பிறகு கதாநாயகன் வீட்டுச் சுவரில் என் போட்டோவை மாட்டி மாலை போட்டு இன்னொரு காட்சி எடுத்தார்கள். அன்றைக்கு நான் தேவைப்படவில்லை. திருவண்ணாமலைக்கு பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். போட்டோவுக்கு மாலை போட்டால் யார் சிரிப்பது என்று அப்போது யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான்.

அந்தப் படம் எங்கள் ஊரில் இரண்டு நாள் ஓடியது. நானும் அம்மாவும் போய்ப் பார்த்தபோது எங்கள் வரிசையில் நாங்கள் மட்டும்தான். பிறகு ஒரு வருஷம் கழித்து எப்படியோ போன்களுக்குள் புகுந்துவிட்டது. பேயாகத் திரும்பி வந்து நான் முறைக்கும் முறைப்பு, பதில் சொல்லப் பிடிக்காதவர்களெல்லாம் அனுப்பும் ஸ்டிக்கர் ஆனது. கிரிவலப் பாதையில் என்னை நிறுத்தி, "அந்த மாதிரி ஒருக்கா மொறைங்கக்கா" என்று கேட்டு செல்பி எடுப்பார்கள். இதை 'கல்ட் படம்' என்கிறார்களே, அப்படியென்றால் என்ன என்று ஓர் ஆட்டோக்காரரிடம் கேட்டேன். "தியேட்டர்ல ஓடாம, போன்ல நிக்காம ஓடறதுக்கா" என்றார். இதைவிட நல்ல விளக்கம் எனக்கு இன்றுவரை கிடைக்கவில்லை.

எனக்குப் பின்னால் யாரும் இல்லை. பட்டுக்கடை, நகைக்கடை விளம்பரங்களுக்கு நின்று பழகினேன். மேக்கப், கண்ணாடியைப் பார்த்து நானே கற்றது. செங்கம் ரோட்டை ஒட்டி, ஆசிரமத்துப் பக்கம் ஒரு வாடகை அறை. ஒரு சுவருக்கு மட்டும் நானே வெள்ளையடித்து, அதன் முன்னால் நின்று ஆடிஷன் வீடியோ எடுத்து அனுப்புவேன். பக்கத்து அறையில் மௌன விரதத்தில் இருந்த வெள்ளைக்காரம்மா போனைப் பிடித்துக்கொள்வார். எதிர் வசனம் பேச ஆள் இல்லாததால் இரண்டு பேர் வசனத்தையும் நானே பேசுவேன். நான் அழும் காட்சிகளில் அவரும் அழுவார். போன் ஆடும்.

வந்த வாய்ப்புகளெல்லாம் செத்தவர்கள்தான். செத்த மனைவி, செத்த அக்கா, சுவரில் மாட்டிய அம்மா. "உங்க மொகத்துல ஒரு செத்த களை இருக்குதுங்க மேடம், நல்ல அர்த்தத்துலதான் சொல்றேன்" என்றார் ஒருவர். அம்மாவிடம் சொன்னேன். "ஒரு தடவ பொணமா படுத்துப் பாரு, ஊரே தூக்க வரும்" என்றாள். அம்மா சொல்வது எதுவும் ஆறுதலாக இருக்காது. ஆனால் மறக்காது.

எனக்கு நாற்பத்தொன்று முடிந்திருந்தபோதுதான் அந்த போன் வந்தது. ஒரு பெரிய படத்தின் கோ-டைரக்டர். பஞ்சாயத்துத் தலைவி வேடம். பதினோரு காட்சி. கடைசி ரீல் வரைக்கும் உயிரோடு இருப்பாள்.

"டப்பிங் யாருங்க சார்?" என்று கேட்டேன். அதுவரை என் வாயில் வந்ததெல்லாம் வேறு யாருடைய குரலோதான்.

"உங்க வாய்ஸேதான்மா. டைரக்டருக்கு நம்ம ஆற்காட்டுப் பேச்சுதான் வேணுமாம். பத்து நாள்ல கூப்டறோம், ரெடியா இருங்க."

அந்தப் பத்து நாளில் தலைவியாகவே நடமாடினேன். வெள்ளைக்காரம்மாவிடம் போர்வெல் மனு வாங்கினேன். இது தவறினால் இனி என்ன வரும் என்று எனக்குத் தெரியும். ஹீரோவுக்கு அம்மா, அதுவும் மாலை போட்ட அம்மா.

ஆறாவது நாள் காலையில் சொந்த ஊரான கீழ்பென்னாத்தூரிலிருந்து அம்மா கூப்பிட்டாள்.

"நீ இருக்கறயாடி?"

"இருக்கேன்மா."

"அப்ப சரி. சாப்ட்டியா?"

பிறகுதான் விஷயத்தைச் சொன்னாள். சொந்தக்காரர் ஒருத்தர் போன் பண்ணி, எப்ப எடுக்கறீங்க என்று கேட்டிருக்கிறார்.

பஸ் பிடித்துப் போனேன். பஸ் ஸ்டாண்டில் பெரிய ஃபிளெக்ஸ். கறுப்பு பார்டர், இரண்டு பக்கமும் குத்துவிளக்கு, நடுவில் நான், மேலே 'கண்ணீர் அஞ்சலி', கீழே 'ஆழ்ந்த வருத்தத்துடன் ரசிகர்கள்'. அதன் நிழலில் நின்று நாலு பேர் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள்.

வைத்தது ஒரு செல்போன் ரிப்பேர் கடைக்காரரும் அவர் கூட்டாளிகளும். படம் வந்து அஞ்சு வருஷம் ஆனதைக் கொண்டாடவாம். பெரிசாக, தெளிவாக இருந்த ஒரே படம் அந்த மாலை போட்ட போட்டோதான் என்று அதைக் கொடுத்து, 'எங்கள் ஊர் நாயகிக்கு' என்று போடச் சொல்லிவிட்டு வந்திருக்கிறார்கள். மிச்சத்தைச் செய்தது ஃபிளெக்ஸ் கடைக்காரர். போய்க் கேட்டேன்.

"மாலை இருந்தா இந்த டிசைன்தானுங்கக்கா. உயிரோட இருக்கறவங்க யாரு மாலையோட போட்டோ குடுக்கறாங்க?"

"கட்சிக்காரங்க குடுக்கறாங்களேப்பா."

"அவங்களுக்கு மாலை கழுத்துல இருக்கும். உங்களுது ஃப்ரேம் மேல இருக்குது."

சிரித்துவிட்டேன். ரிப்பேர் கடைக்காரர்தான் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றார். "மன்னிச்சுடுங்கக்கா. ஆனா செத்துட்டதா சேதி வந்தா ஆயுசு கெட்டினு சொல்லுவாங்க" என்றார். டீக்கடைக்காரரும் அதையே சொன்னார். பஸ்ஸிலிருந்து இறங்கிய ஓர் அம்மாள் என் கன்னத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு அதையே சொன்னாள். ஃபிளெக்ஸைக் கழற்றி, களத்தில் காய்ந்த மல்லாட்டைக் கடலையை மூடக் கொண்டுபோனார்கள்.

ஆனால் அதற்குள் யாரோ அதைப் போட்டோ எடுத்து நெட்டில் போட்டுவிட்டிருந்தார்கள். என் பழைய காட்சிகளையெல்லாம் எடுத்து வைத்து ஊரே அழுதது. உயிரோடு இருந்தபோது என்னைப் பற்றி ஒரு வரி எழுதாதவர்கள் எழுதினார்கள். கண்ணழகி என்றார்கள், கவனிக்கத் தவறிய கலைஞர் என்றார்கள்.

இங்கேதான் நான் செய்த காரியத்தைச் சொல்ல வேண்டும். அன்றைக்கே ஒரு வீடியோ எடுத்து, நான் இருக்கிறேன் என்று போட்டிருக்கலாம். போடவில்லை. படித்துக்கொண்டே இருந்தேன். இதுவும் ஒரு விளம்பரம்தான், டைரக்டர் கண்ணிலும் படட்டும் என்று நினைத்தேன். அதுகூடப் பாதி உண்மைதான். அந்தப் பாராட்டு எனக்கு இனித்தது. மூன்று நாள் செத்திருந்தேன். நாலாம் நாள் வெள்ளைச் சுவர் முன்னால் நின்று, நல்லா இருக்கிறேன் என்று வீடியோ போட்டேன். அதை அதிகம் பேர் பார்க்கவில்லை.

பத்து நாள் போனது, இருபது ஆனது. நானே கூப்பிட்டேன்.

"யாருங்க?" என்றார் கோ-டைரக்டர். பேரைச் சொன்னேன். மெதுவாக, "நீங்க அவங்க தங்கச்சிங்களா?" என்றார்.

"நான்தான் சார். அது ஃபிளெக்ஸ் கடைக்காரர் தப்பா போட்டது."

"ஐயோ மேடம். அந்த நம்பருக்குக் கூப்புட எங்களுக்கு மனசே வரலீங்க. டைரக்டர் யூனிட்டோட ரெண்டு நிமிஷம் எழுந்து நின்னாரு."

"தலைவி கேரக்டர் சார்?"

"வேற ஒருத்தரப் போட்டு எட்டு சீன் எடுத்தாச்சும்மா. லொகேஷனும் முடிஞ்சுது."

போனை வைத்துவிடுவேன் என்று பயந்தாரோ என்னவோ, அவசரமாகச் சொன்னார். "அந்தத் தலைவிக்கு ஒரு அக்கா, முன்னாடியே செத்துப்போனவங்க. உங்க நெனவா டைரக்டரே எழுதிச் சேர்த்தாரு. வீட்டுச் சுவத்துல போட்டோ மட்டும். நெட்ல கெடைக்கறது எதுவும் சரியில்ல. இப்ப நீங்களே இருக்கறதால, நல்லதா ஒண்ணு எடுத்து அனுப்பிடுங்களேன். பாத்தா உயிரோட இருக்கற மாதிரி இருக்கணும்."

அம்மாவைக் கூப்பிட்டுச் சொன்னேன்.

"அனுப்பாத" என்றாள்.

"அனுப்பலைன்னா அதுவும் போய்டும்மா."

"அப்ப அந்த மஞ்சப் புடவையக் கட்டிக்க. உனக்கு அதான் எடுப்பா இருக்கும்."

மஞ்சள் புடவை கட்டிக்கொண்டு திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்ட் பக்கம் இருக்கும் ஸ்டூடியோவுக்குப் போனேன். போட்டோகிராபர் என்னை அடையாளம் கண்டுகொண்டார். முகத்தைத் திருப்பச் சொல்லி, தாடையை இறக்கச் சொல்லி எடுத்தார். முடிந்தது என்று விளக்கை அணைக்கப் போனார்.

"இன்னும் ஒண்ணு எடுப்பா" என்றேன். "நான் சிரிக்கற மாதிரி."

"அவங்க ஒண்ணுதானே கேட்டாங்க?"

"இது அனுப்பறதுக்கு இல்ல. சும்மா."

கேமராவைத் தூக்கிக் காத்திருந்தார். நான் லென்ஸைப் பார்த்தேன். கிணற்றடியில் ஈரத்தோடு எப்படிச் சிரித்தேன் என்று நினைத்துப் பார்த்தேன். உதட்டை விரித்தேன். இரண்டு தடவை எடுத்து, திரையைக் காட்டினார். செல்பிக்கு நான் முறைத்துக் காட்டும் முகம்தான் இரண்டிலும் இருந்தது.

"பரவால்லக்கா" என்றார். "மொதல்ல எடுத்ததே உயிரோட்டமா இருக்குது."

அதையே அனுப்பினேன்.