கையுறை போட்டுத் தடவிய மீன்கள்

தவறு என்னுடையது. ஆண் மீன் எது, பெண் மீன் எது என்று வெறும் விரலால் தடவிப் பார்க்காமலேயே சொன்னவள் நான்தான். பழி மாதேஸ்வரியின் தலையில் விழுந்தபோது வாயை மூடிக்கொண்டிருந்தேன். ஒன்பது ஆண்டுகளாக மூடிக்கொண்டே இருக்கிறேன்...

மைசூரில் ஒரே ஆய்வகத்தில் இருந்தோம். நான் மூத்தவள். அவள் தமிழக எல்லையோரம், ஹனூர்ப் பக்கத்துத் தமிழ் விவசாயக் குடும்பத்துப் பெண். அந்த வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள்.

ஆண் மீனுக்கும் பெண் மீனுக்கும் மரபணுக்கள் ஏறக்குறைய ஒன்றுதான். எது விழித்து வேலை செய்கிறது, எது உறங்குகிறது என்பதில்தான் வேற்றுமை. மழைக்காலத்தில், இனப்பெருக்கப் பருவத்தில், ஆண் ரோகு மீனின் பக்கத் துடுப்பு சொரசொரப்பாகிவிடும். பெண்ணுக்கு வழவழப்பாகவே இருக்கும். எந்த மரபணு விழித்ததால் அந்தச் சொரசொரப்பு? எங்கள் ஆய்வு அதுதான்.

பண்ணையில் மீனைப் பிடித்து, துடுப்பின் ஓரத்தில் சிறு துண்டு வெட்டிச் சோதனைக் குழாயில் போட்டுக்கொண்டு, உயிரோடு குளத்தில் விட்டுவிட வேண்டும். வெறும் கட்டைவிரலால் துடுப்பைத் தடவி ஆணா பெண்ணா என்று நான் சொல்ல, அவள் அதைக் குழாயின் மேல் எழுத வேண்டும்.

மீன் பிடித்த அன்று மாலை என்னைப் பெண் பார்க்க வருவதாக இருந்தது. மீனின் கொழகொழப்பு கையில் ஏறினால் எத்தனை சோப்புப் போட்டாலும் வாடை போகாது. காப்பித் தட்டை நீட்டும் கையில் மீன் நாற்றமா! தடித்த ரப்பர் கையுறையை மாட்டிக்கொண்டேன். அதற்குள்ளிருந்து ஒன்றும் தெரியவில்லை. வயிறு உப்பியிருந்தால் பெண், ஒட்டியிருந்தால் ஆண்... குத்துமதிப்பாகச் சொல்லிக்கொண்டே போனேன்.

"ஆணுங்களா அக்கா?" என்றாள், குழாயிலிருந்து தலை நிமிராமல்.

"ஆண்தான். எழுது."

முடிவு வந்தது. ஆண் என்று எழுதிய நான்கு குழாய்களில் மரபணுக்கள் பெண்ணின் பாங்கில் விழித்திருந்தன. பெண் என்று எழுதிய மூன்றில் ஆணின் பாங்கு! மீன்களோ குளத்தோடு கலந்துவிட்டன. குழாயில் எழுதியது யார் என்று எங்கள் பேராசிரியை கன்னடத்தில் கேட்டார். தான்தான் என்று மாதேஸ்வரியும் கன்னடத்திலேயே சொன்னாள்.

அப்போதே சொல்லியிருக்கலாமே என்கிறீர்களா? நானும் என்னை அதைத்தான் கேட்கிறேன். உதவித்தொகை நின்றுவிடும் என்ற பயமா? இல்லை, வெறும் வெட்கமா? மாப்பிள்ளை வீட்டாருக்காகக் கையை மணக்க வைத்துக்கொண்டேன் என்று எந்த வாயால் சொல்வது! அந்த வரனும் ஜாதகம் பொருந்தவில்லை என்று தட்டிப்போனது.

அதன்பின் அவள் கையில் யாரும் குழாயைக் கொடுக்கவில்லை. மேசை துடைத்தாள், புட்டி கழுவினாள். ஆறே மாதத்தில் ஆய்வை விட்டுவிட்டு ஊருக்குப் போய்விட்டாள். நான் முனைவர் பட்டம் வாங்கினேன். கல்லூரியில் பாடம் நடத்துகிறேன்.

சென்ற மாதம் பேருந்து நிலையத்தில் அவளே ஓடிவந்து என் கையைப் பிடித்தாள். ஹனூரில் ஒரு பள்ளியில் ஆசிரியையாம்.

"பரீட்சைப் பேப்பர் மார்க்க மூணு மூணு தடவ கூட்டிப் பாக்கறனுங்கக்கா. எங்கையி மேல எனக்கே நம்பிக்கை இல்லீங்க..." சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. "அன்னைக்கு எங்கியோ மாத்தி எழுதிப்புட்டேனாட்ட இருக்குது. உங்க ஒரு வருச உழைப்பு என்னால பாழாப் போச்சு. மன்னிச்சுக்கங்கக்கா."

சொல்லிவிடு, இப்போதாவது சொல்லிவிடு என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. வாய் வேறொன்றைச் சொன்னது.

"பரவால்ல மாதேஸ்வரி, அதெல்லாம் பழைய கதை. விடு."

"உங்களுக்குப் பெரிய மனசுங்கக்கா," என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு பேருந்தில் ஏறினாள்.

கேட்டீர்களா... அவளை மன்னித்து ஊருக்கு அனுப்பிவைத்தேன். நான்!