யார் கால் தவறியது

அக்காவும் நானும் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் பதினொரு வருட ஜோடி. ஈர விரிப்பின் ஒரு மூலையை அவளும் மறு மூலையை நானும் பிடித்து, துணி தேய்க்கும் இயந்திரத்தின் கொதிக்கும் உருளைகளுக்குள் விடுவோம். "ஒண்ணு, ரெண்டு, விடு" என்று எண்ணுவது அவள். ஒருத்தி முந்தினால் துணி முறுக்கி மற்றவள் கையை இழுத்துவிடும்.

அக்காவுக்குப் பனிநடனப் பைத்தியம். ஆணும் பெண்ணும் கைகோத்துப் பனித்தரையில் சறுக்கி ஆடும் போட்டி அது. சாப்பாட்டு நேரம் முழுக்க போனில் பழைய வீடியோக்கள்தான். யார் யாரோடு ஆடினார்கள், எந்த வருடம், ஏன் பிரிந்தார்கள் என்று மூன்று நோட்டு நிறைய எழுதியிருந்தாள். தன்னைப் போன்ற நாற்பது ரசிகர்களோடு ஒரு வாட்ஸப் குழுவிலும் இருந்தாள்.

"என்ன ஐஸ்காரி, உன் ஆளு இன்னிக்கு யாரோட ஆடுறான்?" என்பார்கள் மற்றவர்கள்.

"உன் புருஷன் மாதிரி இல்லடி. விழுந்தா எந்திரிப்பான்."

அவளுக்குப் பிடித்தவள் நீலச் சட்டை போட்ட ஒருத்தி. இறுதிப் போட்டியில் விழுந்தாள்; அதோடு அவளைக் காணோம். 'இவள் கால் தவறியது' என்று அக்கா எழுதி வைத்திருந்தாள். ஒன்பது வருடம் கழித்து, எதிர்ப்பக்கத்திலிருந்து எடுத்த வீடியோ ஒன்று குழுவில் வந்தது. அக்கா அதை நிறுத்தி நிறுத்திப் பார்த்தாள். கூட ஆடியவனுடைய காலணியின் சறுக்குக் கத்திதான் அவள் காலில் ஏறியிருந்தது.

"பாவி, வாயே திறக்கலையே இவன்! நானும் இத்தனை வருஷம் அவ மேலயே பழி போட்டிருக்கேன்." அந்த வரியை அடித்துவிட்டுத் திருத்தி எழுதினாள்.

அடுத்த மாதம் ஒருநாள், சூப்பர்வைசர் வாசலிலிருந்து என்னைக் கூப்பிட்டார். நான் திரும்பினேன். அக்கா "ரெண்டு" என்றபோதே என் கை விட்டுவிட்டது.

அவள் வலதுகையில் இரண்டு விரல்தான் மிஞ்சியது.

விசாரணையில் சூப்பர்வைசர் கேட்டார்: "அவங்க கவனக்குறைவுதானே? நீதான் பக்கத்துல நின்ன, சொல்லும்மா."

எதிர்ப்பக்கத்திலிருந்து யாரும் வீடியோ எடுத்திருக்கவில்லை. நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் எழுதிக்கொண்டார். அக்காவுக்கு வேலை போயிற்று.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் வீட்டுக்குப் போகிறேன். அவள் சொல்லச் சொல்ல நோட்டில் எழுதுகிறேன். என் கையெழுத்து கோழி கிளறிய மாதிரி இருக்கும். அவள் குறை சொல்வதில்லை. அன்று நடந்ததைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை.

போன வாரம் நானாகக் கேட்டேன்: "அந்த நீலச் சட்டைக்காரி அப்புறம் என்ன ஆனாக்கா?"

"யாருக்கும் தெரியல."

"அவன்?"

"அவனுக்கென்ன. வேற ஜோடி கிடைச்சுது, ஆடுனான்." என் முகத்தைப் பார்த்தாள். "அதையும் எழுதிக்க."

எழுதினேன்.

எனக்கும் புது ஜோடி வந்துவிட்டாள். இப்போது எண்ணுவது நான்.