வெந்த நூல்

2021 நவம்பர் 18, வியாழக்கிழமை, காலை ஆறு நாற்பது. இரவெல்லாம் கொட்டிய மழை விட்டுத் தூறிக்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரியின் மூன்றாவது மாடிக்கு நாற்பத்தெட்டுப் படிகள். லிஃப்ட் இருந்தது, அதில் எண்ணுவதற்கு ஒன்றுமில்லை. என் பேத்தி பெற்ற பிள்ளையை நர்ஸ் துணி விலக்கிக் காட்டினாள். தொப்புள்கொடியை ஒரு பிளாஸ்டிக் கிளிப் கவ்விக்கொண்டிருந்தது. எத்தனை மணிக்கு மாட்டினீர்கள், அதற்கு முன் எவ்வளவு நேரம் கொதிக்க வைத்தீர்கள் என்று நர்ஸைக் கேட்டேன்.

"தாத்தா, அது பாக்கெட்லயே சுத்தமாத்தான் வரும். நீங்க போய் காபி குடிங்க."

போனேன். கான்டீன் தரையை லைசால் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். இந்த எழுபத்தெட்டு வயதிலும் அந்த வாடை வந்தால் பின்னாலேயே அம்மா வந்துவிடுகிறாள்.

அம்மா காஞ்சிபுரத்தில் பிரசவம் பார்த்த நர்ஸ். எனக்கு ஆறு வயதாக இருக்கும்போது அப்பா இறந்தார். அதன் பிறகுதான் அவள் பயிற்சிக்குப் போனாள். வெள்ளைச் சேலை, தகரப் பெட்டி, ஓயாத நடை. எந்த வீட்டிலிருந்து எத்தனை மணிக்குத் திரும்பினாலும், முழங்கை வரை தேய்த்துக் கழுவிய பிறகுதான் என்னைத் தொடுவாள். நான் முந்நூறு வரை எண்ணிக்கொண்டு நிற்பேன். இந்த எண்ணுகிற வியாதி அங்கே தொற்றியதுதான். எண்ணி முடித்ததும் ஈரக் கையால் என் கன்னத்தைப் பிடிப்பாள். எனக்காக அவள் மறுமணம் வேண்டாம் என்றதும், ஒருவேளைச் சோற்றோடு நிறுத்திக்கொண்டு என்னை எஸ்.எஸ்.எல்.சி. வரை படிக்க வைத்ததும் எனக்கு மற்றவர்கள் சொல்லித்தான் தெரியும்.

பிள்ளையார்பாளையத்து நெசவு வீடுகளில் அப்போது பிள்ளை பிறந்தால், தறியிலிருந்து பட்டு நூலை அறுத்துத் தொப்புள்கொடியைக் கட்டுவார்கள். பட்டுக்குத் தீட்டில்லை. சாமிக்கே சாத்துகிற நூல் குழந்தைக்கு ஆகாதா என்பார்கள். அம்மாவின் சண்டை முழுக்க அந்த நூலோடுதான். தறிக்குழி மண்ணிலும் கஞ்சியிலும் புரண்ட நூல் அது. கட்டிய ஏழாம் நாள் வாக்கில் பிள்ளைக்குத் தாடை இறுகிவிடும். உடம்பு வில்லாக வளையும். ஏழாம் நாள் ஜன்னி என்று சொல்லி, எந்தச் சாமி குற்றமோ என்று அழுவார்கள். பருத்தி நூலை இருபது நிமிடம் கொதிக்க வைத்துக் கட்டு என்று அவள் தெருத்தெருவாகச் சொன்னாள். தலையாட்டிவிட்டுப் பட்டு நூலையே கட்டினார்கள்.

1968 ஐப்பசியில் என் மனைவி முதல் பிரசவத்துக்கு அங்கேதான், தாய்வீட்டில் இருந்தாள். நெசவு வீடு. இன்னும் நாள் இருக்கிறது என்று அம்மா பக்கத்து ஊரான தாமலில் ஒரு பிரசவத்துக்குப் போனாள். கிளம்புமுன் என்னிடம் ஒரு பொட்டலத்தைக் கொடுத்தாள்.

"நூலு இதுல இருக்குது. வலி எடுத்தா ஒடனே ஒலைய வை. இருபது நிமிசம். எண்றதுக்கு ஒனக்குச் சொல்லித் தரணுமா?"

அன்று தாமல் ஏரி நிரம்பி வழிந்து சாலையை அறுத்துவிட்டது, பஸ் இல்லை. பிற்பகல் வலி எடுத்து, அரை மணியில் பிள்ளை பிறந்துவிட்டது. ஆண். அடுப்பில் ஈர விறகு. தண்ணீர் கொதிக்க ஆரம்பித்து நான்கு நிமிடம்தான் ஆகியிருந்தது. கடிகாரத்தைப் பார்த்தபடி கதவருகே நின்றேன். மாமியார் உள்ளேயிருந்து கேட்டார்.

"மாப்ளே, எவ்ளோ நேரம் கொழந்தைய இப்டியே வச்சிக்கினு இருக்கிறது? தறியில பட்டு இருக்குது. கட்டட்டுமா?"

நான் கூட்டுறவுச் சங்கத்தில் நூல் எடை போடும் எழுத்தர். பட்டு நூலை எப்படிக் காய்ச்சுகிறார்கள், எத்தனை நேரம் சாயத்தில் வேகவைக்கிறார்கள் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம்.

"கட்டுங்க அத்தை. சாயத்துல வெந்த நூல்தானே" என்றேன்.

இரண்டாம் நாள் காலை, இடுப்பளவு நீரில் நடந்து நனைந்த சேலையோடு அம்மா வந்தாள். குழந்தையின் வயிற்றில் அரக்குச் சிவப்பு நூல்.

"யாரு கட்டச் சொன்னது?"

"நான்தான்."

அம்மா முழங்கை வரை கழுவி வந்தாள். நூலை அறுத்து வேறு கட்டினாள். பிள்ளையை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போய் ஜன்னிக்கு ஊசி போட்டு வந்தாள். ஏழாம் நாள் காலை மூன்று முறை பால் கொடுத்தும் பிள்ளை வாய் திறக்கவில்லை. சத்தமும் வெளிச்சமும் பட்டால் உடம்பு வெட்டி இழுக்கும். டாக்டர் கூட்டமான வார்டைவிட இருட்டறை மேல் என்று அம்மாவின் பொறுப்பிலேயே விட்டார். அம்மா தெருவில் இறங்கி வீடுவீடாகப் போய்த் தறியை நிறுத்தச் சொன்னாள். முகூர்த்தப் புடவை தறியில் இருந்த ஒருவர், "என் மூணு புள்ளையும் நீ எடுத்ததும்மா. தறி கெடக்கட்டும்" என்றார். பதினாறு தறிகள் நின்றன. அந்தத் தெருவில் காகம் கரைவதை அன்றுதான் கேட்டேன். அம்மா சொட்டுச் சொட்டாகப் பால் விட்டுப் பார்த்தாள். ஒன்பதாம் நாள் பத்தே காலுக்குப் பிள்ளை போய்விட்டது.

பிள்ளை போன மூன்றாம் நாள் அம்மா வேலைக்குக் கிளம்பினாள். சில வாரம் கழித்து டீக்கடையில் எனக்குப் பின்னால் ஒரு குரல்: "வெந்தநூலு வர்றாருபா, எடம் வுடு." கர்ப்பிணி இருக்கும் ஒவ்வொரு வீட்டிலும் உட்கார்ந்து அம்மா என் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். படித்த மகன், நர்ஸ் பெற்ற மகன், அவனே இப்படிச் சொன்னான், என் பேரன் செத்தான் என்று. சங்கத்தில் நூல் வாங்க வந்தவர்கள்கூட, "இது வெந்துதா சார்?" என்றார்கள்.

ஏழு மாதம் பொறுத்தேன்.

"யாரோ ஒருத்தன்னு சொல்லக்கூடாதாம்மா?"

"யாரோன்னா கேட்டுட்டு மறந்துடுறாங்கடா. எம் புள்ளன்னு சொன்னாத்தான் அடுப்புல தண்ணி ஏறுது."

"நீ எனக்கு அம்மாவா, ஊருக்கு நர்ஸா?"

பெட்டியில் பஞ்சு அடுக்கிக்கொண்டிருந்தவள் நிமிரவில்லை. "இந்த மாசம் பதினோரு பேருக்கு நாளு இருக்குது. சண்டை போட எனக்கு ஏதுடா நேரம்?" அடுக்கிய பஞ்சையே எடுத்து மறுபடி அடுக்கினாள். அதை நான் பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் கிளம்பினேன்.

ஆரணிக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு மனைவியோடு போய்விட்டேன். மாதம் ஒரு கார்டு வரும். எத்தனை பிரசவம், எத்தனை பிள்ளை ஏழாம் நாள் தாண்டியது என்று எழுதியிருப்பாள். இரண்டு எண்ணும் ஒன்றாகவே இருக்கும். கடைசியில், 'நீ சாப்பிடுகிறாயா' என்று ஒரு வரி. ஐம்பது கார்டுகள். ஒன்றுக்கும் பதில் போடவில்லை. அடுத்த கார்டில் மன்னிப்பு என்ற சொல் இருக்குமா என்று தேடினேன். கேட்க வேண்டியவன் நான் என்பது ஐம்பது மாதமும் உறைக்கவில்லை.

1973 ஆகஸ்டில் தந்தி வந்தது. தாமலிலிருந்து திரும்பிய பஸ்ஸில், உட்கார்ந்தபடியே அம்மாவின் உயிர் போயிருந்தது. ஐம்பது வயது. நான் போய் இறங்கியபோது, வாசலில் பெண்கள் இடுப்பில் பிள்ளைகளோடு நின்றார்கள். இருபத்தேழு வரை எண்ணினேன். அதற்கு மேல் கண் தெரியவில்லை. யாரோ ஒரு கிழவர், கேலி துளியும் இல்லாமல், "வெந்தநூலு வந்துட்டாருபா, தூக்கலாம்" என்றார். அந்தத் தெருவுக்கு என் பெயர் அதுதான்.

இப்போது அங்கே வீட்டில் யாரும் பெறுவதில்லை. ஜன்னியும் போய்விட்டது, அந்தச் சொல்லைச் சொன்னால் என் பேத்திக்குப் புரியவில்லை. அந்த நோயோடு சண்டை போட்டவளையும் அறிந்தவர்கள் இல்லை. அம்மா இருந்தும் அம்மாவோடு பேசாமல் நான் இருந்தது நான்கு வருடம், இரண்டு மாதம், பதினோரு நாள்.