சிரட்டைக்குள் ஒரு மஞ்சள் மீன்

ஓட்டுக்கூரையிலிருந்து பிளாஸ்ரிக் வாளிக்குள் மழை சொட்டும் சத்தம்... யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் நாங்கள் வாடகைக்கு இருந்த அறையை நினைத்தால் முதலில் அதுதான் கேட்கிறது.

போர்நிறுத்தம் வந்து கொழும்புப் பாதை திறந்த புதிது. நான் விலங்கியல் இறுதி வருடம். என் ஆய்வுக்காக அண்ணை கொழும்பிலிருந்து பொலித்தீன் பையில் ஒரு சோடி மீன் கொண்டுவந்து தந்தார். அபிஸ்டோகிராமா. அமேசன் பக்கத்துச் சிற்றோடைகளில், உதிர்ந்த சருகுகளுக்குள் வாழும் குள்ளச் சிக்லிட் வகை. ஆண் சுண்டுவிரல் நீளம். பெண் அதிலும் சிறிது.

அறைத்தோழி சாந்தி, மயிலிட்டிக் கடற்றொழில் குடும்பம். இடம்பெயர்ந்து வருடக்கணக்காகியும் ஊர் இராணுவத்தின் பாதுகாப்பு வலயத்துக்குள்தான் இருந்தது. தொட்டியை எட்டிப் பார்த்தாள்.

“எங்கடை ஊரிலை உதைத் தூண்டிலுக்கு இரையாக் கூடப் போடமாட்டினம்.”

அந்த மீனுக்குக் குகை வேண்டும். ஒரு தேங்காய்ச் சிரட்டையின் விளிம்பை உடைத்துக் கவிழ்த்து வைத்தேன். பெண் மீன் உள்ளே போய், சிரட்டையின் உட்கூரையில் முட்டைகளை ஒட்டியது. சாம்பல் உடம்பு பளிச்சென்று மஞ்சளானது. ஆணை அண்டவிடவில்லை.

பிறகு முட்டைகளில் வெள்ளைப் பூஞ்சணம் பிடிக்கும். தாய்மீனே அவற்றைத் தின்றுவிட்டு மறுபடி சாம்பலாகிவிடும். ஒவ்வொரு முறையும் இதே கதை.

என் ஆய்வோ, தாய்மீன் குஞ்சுகளைப் பராமரிக்கும் விதம் பற்றியது.

“குஞ்சு இல்லாமல் என்னத்தை எழுதப்போறீர்?” என்றார் ஆய்வை மேற்பார்த்த சேர். எழுதாவிட்டால் அந்த வருடம் பட்டம் இல்லை.

தண்ணீரை நான் சந்தேகிக்கவே இல்லை. வீட்டுக்கார அன்ரியின் கிணறு அயலில் பேர்போனது.

“ஊரே குடத்தோடை வருது. உம்மடை மீனுக்கு மட்டும் இறங்காதாமோ?” என்று, முட்டைகள் பழுதாவதைக் கேள்விப்பட்டு அவர் கேட்டார்.

உப்புக் கரிக்காவிட்டால் அது நல்ல தண்ணீர். எங்களுக்கு அவ்வளவுதான் கணக்கு. சுண்ணாம்புக்கல்லில் ஊறிவரும் தண்ணீர் என்பதற்குச் சாட்சி, தினமும் தேநீர் வைத்த கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிந்து கிடந்தது.

மாரியில் வெள்ளம் ஏறியதும் கிணற்றுக்குக் குளோரின் போட்டார்கள். குளோரின் மீனைக் கொல்லும். வேறு வழியில்லாமல் ஒழுக்கு வாளித் தண்ணீரையே தொட்டிக்கு மாற்றி வந்தேன்.

அடுத்து இட்ட முட்டைகள் வெள்ளையாகவில்லை. சருகு ஓடையின் தண்ணீரும் ஏறக்குறைய மழைத்தண்ணீர்தான், முட்டைகளைக் கெடுத்தது கிணற்றுச் சுண்ணாம்பு என்று அப்போதுதான் உறைத்தது.

ஒரு காலை, தூசி போலக் குஞ்சுகள் மஞ்சள் தாயைச் சுற்றி நின்றன. அது உடம்பைச் சிலுப்பினால் எல்லாம் தொட்டியின் அடியோடு ஒட்டிக்கொள்ளும். பொழுதுபட்டதும் அவற்றைச் சிரட்டைக்குள் கூட்டிக்கொண்டு போகும். நான் எழுதிக்கொண்டிருந்தேன். சாந்தி பக்கத்தில் குந்தியிருந்து பார்த்தாள்.

“உதுக்கெண்டாலும் போக ஒரு வீடு இருக்கு.”



இப்போது தெருவுக்குத் தெரு வடிகட்டிய தண்ணீர் விற்கிறார்கள். அந்த மீனும் யாழ்ப்பாணக் கடைகளில் கிடைக்கிறது. வலயத்திலிருந்து நிலம் விடுபட்ட பிறகு சாந்தி மயிலிட்டிக்குத் திரும்பி, பழைய அத்திவாரத்துக்குப் பக்கத்தில் வீடு கட்டியிருக்கிறாள். போன மாதம் போயிருந்தேன். சொந்தக் கிணற்றுத் தண்ணீரில் தேநீர் வைத்தாள். நான் கேத்தலுக்குள் எட்டிப் பார்த்தேன். அதே வெள்ளை.

“என்ன பாக்கிறாய்? நீ என்ன முட்டையே போடப்போறாய்?”

சிரித்தோம். பொழுதுபட்டுவிட்டது. அவள் எழும்பிப் போய், முற்றத்தில் நின்ற பிள்ளைகளை உள்ளே கூப்பிட்டாள்.