குவாட்டர்ஸும் சம்பளம்தான்

என் வீட்டுக்காரருக்கு ரயில்வேயில் ஃபிட்டர் வேலை. கல்யாணமாகி ஐந்தாறு வருஷம் ரயில்வே கொடுத்த குவாட்டர்ஸில்தான் குடித்தனம் நடத்தினேன். பிறகு ஒருநாள் அவர் இன்னொருத்தியைக் கூட்டிவந்து என் அடுக்களையில் நிறுத்தினார். பெண்குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, ஸ்ரீரங்கத்தில் இருந்த அண்ணன் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அண்ணன் ஜவுளிக்கடையில் துணி கிழித்துக் கொடுக்கிறவர். அவருக்கே வீடு நிறையப் பிள்ளைகள். அண்ணி கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்தாள். பிறகு சொன்னாள்: "கோர்ட்ல ஜீவனாம்சம் கேட்டு வாங்கு. கட்டுப்படியாகலைன்னா குழந்தைய அப்பன்கிட்டயே விட்டுடு. உன் ஒருத்தி வயித்த எப்படியாவது பார்த்துக்கலாம், அதுக்கு மேல என்னால ஆகாது." அண்ணி கெட்டவள் இல்லை. அரிசிப் பானையைத் தினமும் திறந்து பார்க்கிறவள் அவள்தான்.

திருச்சி கோர்ட்டில் மனுப் போட்டேன். குழந்தையை விட்டுக்கொடுக்கும்படி ஆகிவிடக் கூடாது. அந்த நாட்களில் கும்பிட்ட சாமியிடமெல்லாம் நான் கேட்டது அது ஒன்றுதான்.

விசாரணையன்று அவருடைய வக்கீல் சம்பளச் சீட்டை நீட்டினார். சொசைட்டிக் கடன், சேமநிதி எல்லாம் பிடித்ததுபோகக் கைக்கு வருவது இவ்வளவுதான் எஜமான் என்று இழுத்தார். அடடா, அப்பேர்ப்பட்ட ஏழை! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் வக்கீல் எழுந்திருப்பதற்குள் நானே கத்திவிட்டேன்.

"அது முழுச் சம்பளம் இல்லீங்க எஜமான்! வீட்டு வாடகைன்னு பேருக்குப் பிடிக்கிறாங்க. அதே மாதிரி வீட்டை வெளியில வாடகைக்கு எடுத்துப் பார்க்கச் சொல்லுங்க! ஆஸ்பத்திரிக்குக் காசு கிடையாது. ஊருக்குப் போனா ரயில் பாஸ். போட்டிருக்கிற காக்கிச் சட்டைகூட அவங்க குடுத்தது. இதெல்லாம் சம்பளம் இல்லாம வேற என்னங்க?"

மாஜிஸ்திரேட் வயதானவர். கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "இந்தம்மா சொல்றது நியாயம்தானே?" என்றார். என் வக்கீலே என்னைத் திரும்பிப் பார்த்தார். ஜெயித்துவிட்டேன் என்றே நினைத்தேன்.

எதிர்வக்கீல் அசரவில்லை. "வாஸ்தவம் எஜமான். வீடு, ஆஸ்பத்திரி, பாஸ் எல்லாம் குடும்பத்துக்காகக் குடுக்கிறதுதான். என் கட்சிக்காரர் வேண்டாம்னு சொல்லலையே? இன்னிக்கே குழந்தையோட வந்து இருக்கட்டும். வீட்டை விட்டுப் போனது அந்தம்மாதான்."

மாஜிஸ்திரேட் என் பக்கம் திரும்பினார். "ஏம்மா, போறதுக்கு என்ன தடை? அந்த வீட்டில வேற யாராவது இருக்காங்களா?"

வாய்வரை வந்துவிட்டது. ஆனால் காலையில் கோர்ட் வாசலில் என் வக்கீல் சொன்னது நினைவுக்கு வந்தது. "ரெண்டாவது சம்சாரம்னு இங்க பதிவாச்சுன்னா அவர் வேலை போயிடும்மா. சர்க்கார் உத்தியோகத்தில இருக்கிறவர் அப்படிச் செய்யக் கூடாது. யோசிச்சுப் பேசுங்க." வேலை போனால் வீடு போகும், ஆஸ்பத்திரி போகும், சம்பளமும் போகும். வேலையில்லாதவனிடம் எந்தக் கோர்ட் என் பிள்ளைக்குச் சோறு வாங்கித் தரும்? அவரைப் பார்த்தேன். கூண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி நின்றார். அந்த மனுஷனைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது.

"யாரும் இல்லீங்க" என்றேன்.

காரணமில்லாமல் கூடிவாழ மறுக்கிறவளுக்கு ஜீவனாம்சம் இல்லை என்று தீர்ப்பானது. வீடும் வைத்தியமும் அப்பாவிடமே இருப்பதால், குழந்தையின் பாலுக்கும் துணிக்கும் மட்டும் ஏதோ கொஞ்சம். நான் தொண்டை கிழியக் கத்திச் சம்பளத்தில் சேர்த்ததெல்லாம், குழந்தைக்கு அவர் ஏற்கெனவே கொடுப்பதாகக் கழிந்துபோயிற்று. கடவுளே, என் வாயாலேயே!

கோர்ட்டுக்குக் கூட வந்திருந்த அண்ணன் என்னைப் பஸ்ஸில் காவேரிப் பாலம் தாண்டிக் கூட்டிவந்தார். வீட்டுக்கு வந்து தொகையைச் சொன்னார். அண்ணி குழந்தையைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "நாளைக்கே கொண்டு விட்டுடு" என்றாள். முடியாது என்று கத்தினேன். காலில் விழுந்தேன். அவளும் அழுதாள். ஆனால் சொன்னதை மாற்றிக்கொள்ளவில்லை.

மறுநாள் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் பஸ் மாறி, குழந்தையோடு குவாட்டர்ஸுக்குப் போனேன். குழந்தையின் துணி மூட்டைக்குள் என் சேலைகளையும் சுருட்டி வைத்திருந்தேன். அண்ணியிடம் அதைச் சொல்லவில்லை.

கதவைத் தட்டினேன். அவர் கூட்டிவந்தவள்தான் திறந்தாள். நிறைமாதம். மூட்டையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு வழிவிட்டு நின்றாள்.

"உள்ள வாங்கக்கா" என்றாள்.

யாருக்கு யார் அக்கா? ஓங்கி அறைந்திருக்க வேண்டும். "குழந்தைக்குப் பசிக்குது, சோறு இருக்கா?" என்று கேட்டேன்.