உருளைக்கிழங்கு விளைந்த மருத்துவக் கல்லூரி

ரஷ்யாவில் நான் படித்த மருத்துவப் பல்கலைக்கழகத்தின் வரலாறு எனக்குத் தலைகீழ்ப் பாடம். கையில் எந்த நரம்பு எங்கே ஓடுகிறது என்று கேட்டால் சில சமயம் யோசிப்பேன். இதற்கு யோசிக்க மாட்டேன். யாரும் கேட்பதில்லை என்பது வேறு விஷயம்.

வெளிநாட்டிலிருந்து வரும் பிள்ளைகளை முதல் வாரமே அங்குள்ள அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போவார்கள். எனக்கு ரஷ்ய மொழி படிந்ததும், பின்னால் வந்த தமிழ்ப் பிள்ளைகளுக்கு அதை விளக்கும் வேலை என் தலையில் விழுந்தது. ஒரு வியாபாரியின் வீட்டில் மருத்துவச்சிகளுக்கான பள்ளியாகத் தொடங்கிய இடம் அது. உலகப் போரில் மேற்கே ஒரு நகரத்துப் பேராசிரியர்கள் குண்டுக்குத் தப்பி, மைக்ராஸ்கோப்புகளைக் கம்பளியில் சுற்றி ரயிலேற்றி, அந்த ஆற்றங்கரை ஊருக்கு வந்து சேர்ந்தார்கள். போர் முடிந்தும் பாதிப் பேர் திரும்பவில்லை. பள்ளி கல்லூரியாயிற்று. கண்ணுக்கும் எலும்புக்கும் குழந்தைகளுக்கும் தனித்தனி ஆஸ்பத்திரிகள் எழுந்தன. பிறகு நாடே உடைந்தது. சம்பளம் வராத மாதங்களில் பேராசிரியர்கள் மூலிகைத் தோட்டத்தைக் கொத்தி உருளைக்கிழங்கு போட்டார்கள். கோட்டும் டையுமாக ஒருவர் மண்வெட்டியோடு நிற்கும் படம் சுவரில் தொங்கும். அதற்கப்புறம்தான் வெளிநாட்டுப் பிள்ளைகளைச் சேர்க்க ஆரம்பித்தார்கள். கல்லூரி பல்கலைக்கழகமாகப் பெயர் மாறியதும் அந்தச் சமயத்தில்தான்.

நாங்கள் கட்டிய பணத்தால் அவர்கள் பிழைத்துக்கொண்டார்கள். எனக்கு வயிறு எரிவது அதனால்தான்.

தூத்துக்குடிக்குப் பட்டத்தோடு திரும்பினேன். வெளிநாட்டில் படித்தவர்கள் இங்கே வைத்தியம் பார்க்க ஒரு தகுதித் தேர்வில் தேற வேண்டும். எழுதினேன், தேறவில்லை. மறுபடி எழுதினேன், மறுபடியும் அப்படியே. வார்டில் நோயாளிகளோடு பேசிப் பேசி நான் மருத்துவம் கற்றது ரஷ்ய மொழியில், தேர்வு ஆங்கிலத்தில். சாக்கு என்று சொன்னால் சாக்குதான். தேறியவர்களும் இருக்கிறார்களே!

முதலில் தெருப் பெண்கள் வாசலில் வந்து நிற்பார்கள். "ஏளா, நீ ரஷ்யா டாக்டர்லா? பிள்ளைக்குக் காய்ச்சல் விடமாட்டேங்கு, ஒரு மருந்து எழுதிக் குடேன்." எழுதக் கூடாது என்று சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்தது. பிறகு அவர்கள் கேட்பதை நிறுத்திவிட்டார்கள். அது அதைவிட வலித்தது. அப்பா மாலத்தீவுக்குச் சரக்குத் தோணி ஓட்டும் தண்டல். "தரை தட்டுன தோணி தண்ணி ஏறினா தானா மெதக்கும், மக்கா" என்பார். இப்போது அவரும் சொல்வதில்லை.

துறைமுகத்தில் ஒரு கப்பல் ஏஜென்சி அண்ணாச்சி எனக்கு வேலை கொடுத்தார். ரஷ்யக் கப்பல் வந்தால் மாலுமிகளோடு பேச வேண்டும். பகலில் அது, மற்ற நேரம் படிப்பு என்று ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு காலாகப் போகிறது.

இந்த மழைக்காலத்தில் உரக் கப்பல் ஒன்றின் சமையல்காரருக்கு வயிற்று வலி. நகரத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். டாக்டர் வருமுன் அவரோடு பேச்சுக் கொடுத்தேன். இவ்வளவு நன்றாக மொழியை எங்கே கற்றாய் என்று கேட்டார். சுற்றிலும் யாருக்கும் புரியாது என்ற தைரியத்தில் உண்மையைச் சொன்னேன். அவர் எழுந்து உட்காரப் பார்த்தார். அதே ஊர்க்காரர். அவருடைய அம்மா அந்தக் கல்லூரியில் நர்ஸ் படிப்புப் படித்தவராம். அந்த உருளைக்கிழங்கைத் தானும் தின்றிருக்கிறாராம். ஊர் திரும்பிய பிறகு அந்தக் கதையை எனக்கு ஒருவர் சொல்லிக் கேட்டது அன்றுதான்.

டாக்டர் உள்ளே வந்தார். சாத்தான்குளம் பக்கத்துப் பையன், என்னைவிடச் சின்னவர், கெட்டிக்காரர். சமையல்காரர் அவரைப் பார்த்து ரஷ்ய மொழியில் படபடவென்று கொட்டினார்: இந்தப் பெண்ணும் டாக்டர், எங்கள் ஊரில் படித்தவள், போரையும் பட்டினியையும் தாண்டி நின்ற கல்லூரி அது, இவளையும் கேட்டு வைத்தியம் பாருங்கள்.

"என்னக்கா, இவ்வளவு நேரமா என்ன சொல்லுதார்?"

"வலி கொஞ்சம் கொறஞ்சிருக்காம்."

டாக்டர் தலையாட்டிவிட்டு, "ரஷ்யன் நல்லாப் பேசுதீங்களே, எங்க படிச்சீங்க?" என்றார்.

"ஆபீஸ்ல பழகினதுதான்."

சொல்லிவிட்டாயா என்று சமையல்காரர் கேட்டார். சொன்னேன் என்றேன். டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்டார். ரொம்பச் சந்தோஷமாம் என்றேன். இரண்டு மொழியிலும் பொய் சொல்ல ஐந்தாறு வருஷம் படித்திருக்கிறேன்.

சமையல்காரர் சிரித்தார். எங்கே வலிக்கிறது என்று கேட்கச் சொன்னார் டாக்டர். நான் கேட்டதும் அவர் டாக்டர் பக்கம் திரும்பவே இல்லை. "நீங்களே பாருங்கள், டாக்டர்" என்று என் கையைப் பிடித்துத் தன் வலது விலா எலும்புக்குக் கீழே வைத்தார். மூச்சை இழுத்து விடச் சொல்ல வேண்டும். என் நாக்கு நுனியில் அது வந்துவிட்டது. விரல்கள் தாமாகவே அழுந்தின. அவர் முகம் சுளித்து மூச்சை நிறுத்தினார். பித்தப்பை. எந்தச் சந்தேகமும் இல்லை.

கையை எடுத்துக்கொண்டேன்.

"இங்கதான் வலிக்குதாம், டாக்டர்" என்றேன்.